பூட்டின் குறையைப் பேசலாமா?

பூட்டின் குறையை ஊரறியச் சொல்வது திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்று கேட்பார் உண்டு. 1851-இல் லண்டனில், திறக்க இயலாதவை எனப் பெயர்பெற்றிருந்த பூட்டுகளுள் சப் பூட்டை 25 நிமிடத்திலும், பிராமா பூட்டை 16 நாட்களில் 51 மணி நேரம் முயன்றும், ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் சாவியின்றித் திறந்தார். மக்கள் கலங்கினர்; ஆனால் அதன்பின் பூட்டுகள் செம்மையுற்றன.

கணிப்பொறிச் சில்லில் பதிந்த பிழையையோ பூட்டைப்போல் எளிதில் மாற்ற இயலாது. ஆகவே, ‘ஸ்பெக்டர்’ என்னும் குறையைக் கண்டவர்கள் 2017 ஜூனில் உற்பத்தியாளரிடம் கூறி, 2018 ஜனவரியில் உலகுக்கு உரைத்தனர். இம்முறையே தக்கதென்பது என் துணிபு. திருத்த அவகாசம் அளிப்பது அறம்; என்றென்றும் மறைப்பது அறமன்று. கள்வன் எப்படியும் கற்றுக்கொள்வான். அறியாதிருந்து பொருளிழப்பவன் வீட்டுக்காரனே.