ஒன்பதுக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் காய்கறிக் கடையில் நின்றால் தமிழும் கன்னடமும் மாறி மாறி எண்ணும். நம் பத்து அங்கே 'ஹத்து'. சொல்லின் தொடக்கத்துப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது. ஆனால் இருபதைச் சொல்லும் 'இப்பத்து'க்குள் பழைய பத்து பத்திரமாக ஒளிந்திருக்கிறது!

வேடிக்கை தொண்ணூறில்தான். எண்பது வரை 'பது' போட்ட நாம், திடீரென்று 'நூறு' என்கிறோம். தொள்ளாயிரத்துக்கோ 'ஆயிரம்'! இந்தப் புணர்ச்சிக்குத் தொல்காப்பியமே விதி சொல்லியிருக்கிறது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழம்பெயரும் அந்நூலில் உண்டு.

கன்னடர்கள் இந்தத் தாவலுக்கு மசியவில்லை. தொண்ணூறு அவர்களுக்குத் 'தொம்பத்து', தொள்ளாயிரம் 'ஒம்பைநூறு'. கணக்கு என்னவோ அவர்கள் பக்கம்தான் சரி. மலையாளிகள் நம்மோடு நிற்கிறார்கள்: அவர்களுக்கும் தொண்ணூறு, தொள்ளாயிரம்தான்.