தாதியர் தேர்வுக்குச் செல்லும் சகோதரிகளுக்கு



1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன்மாரிற் பெரும்பாலோருக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு அடைபட்டது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்தது. இன்று தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு நம் தோட்டத்துச் சகோதரிகளும் செல்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்குங்கள். சிங்களம் பேசிப் பழகுங்கள். ஆனால், "ஏன் தாதியாக விரும்புகிறீர்?" என்று வினவினால், மனனம் செய்த விடை வேண்டாம். எதைக் கவனிக்க வேண்டும் என்பதே தாதிக்குரிய முக்கிய பாடம் என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதினார். லயத்தில் நீங்கள் கவனித்ததையே கூறுங்கள்.

தமிழறியாத வைத்தியரிடம் என் அப்பாயி நெஞ்சு நோவைக் கையாற் காட்டித் தவித்ததைக் கண்டவன் நான். அத்தகையோருக்காகவே வருகிறேன் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.