ஆகாயத்து எக்ஸ்ரேயும் ஜாதகக் கட்டும்



நட்சத்திரங்களைப் பற்றி நாம் பேசப் போவதாகக் கேள்விப்பட்டு, நாமும் ஜாதகம் பார்க்கக் கிளம்பிவிட்டோமோ என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். அதற்காக நாம் வரவில்லை. நமது சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் செவ்வாய் தோஷம் என்ற பேச்சால் எத்தனை பெண்களின் கலியாணம் தடைப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். ஆகாயத்தின் பேரால் இந்த அநியாயம் நடப்பதால், அந்த ஆகாயத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறோம். அதே கதிர்கள் ஆகாயத்திலிருந்தும் வருகின்றன. ஆனால் நம் தலைக்கு மேலுள்ள காற்று அவைகளைத் தடுத்துவிடுகிறது. ஆகவே காற்றைத் தாண்டிப் போய்த்தான் அவைகளைப் பார்க்க வேண்டும். 1999 ஜூலை 23-ல் அமெரிக்கர்கள் ஒரு பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியை மேலே அனுப்பினார்கள். அதைச் சுமந்து சென்ற விண்ணோடத்திற்குத் தலைமை வகித்தவர் அய்லீன் காலின்ஸ் என்ற பெண்மணி. விண்ணோடத்திற்கு ஒரு பெண் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. தொலைநோக்கிக்கு இட்ட பெயர் சந்திரா. இது சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயராகும்.

எக்ஸ்ரே கதிர் நேராக மோதினால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். ஏரித் தண்ணீரில் சாய்வாக வீசிய ஓட்டாஞ்சில்லு துள்ளிப் போவதுபோல், சாய்வாகப் பட்டால்தான் திரும்பும். அப்படியே இதன் கண்ணாடிகளை அமைத்தார்கள்.

கருவியின் பார்வையைச் சரி செய்வதற்காக, 1999 ஆகஸ்டில் பி.கே.எஸ். 0637-752 என்ற குவேசாரை நோக்கித் திருப்பினார்கள். வெறும் புள்ளிதான் தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் புள்ளியோடு நீண்ட தாரை ஒன்றும் தெரிந்தது!

குவேசார் என்பது என்ன? சூரியனைப்போல் பல கோடி மடங்கு கனமுள்ள கருந்துளையைச் சுற்றி வாயு சுழன்று, சூடேறி, உள்ளே விழும் இடம். விழுவதில் ஒரு பகுதி, மேட்டூர் அணை மதகில் பீறிடும் தண்ணீர் போல, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வெளியே பாய்கிறது. அந்தத் தாரையின் நீளம் இரண்டு லட்சம் ஒளியாண்டுக்குக் குறையாது. தூரமோ சுமார் 600 கோடி ஒளியாண்டு. பூமி உண்டாகிச் சுமார் 450 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே அந்த ஒளி புறப்பட்ட காலத்தில் பூமியும் இல்லை, தோஷம் தருவதாகச் சொல்லப்படும் செவ்வாயும் இல்லை!

சரி, அவ்வளவு தூரத்தில் எக்ஸ்ரே எப்படி உண்டாகிறது? அண்டமெங்கும் பரவியுள்ள மெல்லிய நுண்ணலை ஒளியைத் தாரையிலுள்ள எலெக்ட்ரான்கள் மோதி எக்ஸ்ரேயாக உயர்த்துகின்றன என்று விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். அது மெய்யானால் காமா கதிர்களும் இன்ன அளவு வர வேண்டும் என்று கணக்கும் போட்டார்கள். ஃபெர்மி தொலைநோக்கியால் பல ஆண்டுகள் தேடியும் அந்த அளவு வரவில்லை. 2015-ல், இந்தத் தாரைக்கு அந்த விளக்கம் பொருந்தாது என்று ஆராய்ச்சியாளர்களே வெளியிட்டார்கள். காந்தப் புலத்தில் சுழலும், இன்னும் அதிக சக்தியுள்ள எலெக்ட்ரான்களே காரணமாகலாம் என்று வேறு விளக்கத்தைச் சோதிக்கலானார்கள்.

தோழர்களே, இதுதான் நாம் சொல்ல வந்த சங்கதி. தாங்கள் சொன்னது எப்போது பொய்யாகும் என்பதை அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள், பொய்யானதும் கைவிட்டார்கள். யாரையும் சபிக்கவில்லை, பரிகாரத்திற்குப் பணமும் கேட்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வரும் ஜோசியரை ஒன்று கேளுங்கள். "ஐயா, எது நடந்தால் உங்கள் செவ்வாய் தோஷம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பதிலை யோசித்துக்கொண்டிருக்கட்டும். அதுவரை உங்கள் பெண்ணின் கலியாணத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.