இரவு டியூட்டியில் சாப்பாடு எப்போது?

 

இன்று பட்டம் வாங்குகிறவர்களில் செவிலியரும் ஊட்டச்சத்துத் துறையினரும் அதிகம் என்றார்கள். ஆகவே என் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட கேள்வியையே பேசுகிறேன். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு, எப்போது சாப்பிடுகிறோம் என்பதையும் உடம்பு கணக்கில் வைக்கிறதா?

2009-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் டூரெக் குழுவினர் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. உறங்க வேண்டிய பகலில் தின்றவை, இரவில் தின்றவற்றைவிட அதிகம் பருத்தன. 2012-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு கூட்டம் நாள் முழுக்க விரும்பியபோதெல்லாம் தின்றது; மற்றது இரவில் 8 மணி நேரத்துக்குள் தின்றது. இரண்டும் உட்கொண்ட கலோரி ஏறக்குறைய ஒன்றே. முதல் கூட்டம் பருத்தது, கல்லீரலில் கொழுப்பு படிந்தது. இரண்டாவது பெரும்பாலும் தப்பியது.

இப்படி ஒரு சோதனைக்கு வேண்டிய உழைப்பு கட்டுரையில் இரண்டு வரிதான் வரும். தீனி உள்ள கூண்டிலிருந்து தண்ணீர்ப் புட்டி மட்டும் உள்ள கூண்டுக்கு, நேரம் தவறாமல், தினமும் ஒவ்வொரு எலியாக மாற்ற வேண்டும். இருட்டு வேளையில் மங்கிய சிவப்பு விளக்குதான் துணை. மரத்தூளோடு ஒரு தீனித் துணுக்கு வந்துவிட்டாலும் அன்றைய கணக்கு கெட்டது. இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வாலடியைப் பிடித்துத் தூக்கும்போதே, தராசுக்கு முன்னால், எந்தக் கூட்டத்து எலி என்று கை சொல்லிவிடும்.

சாப்பிடும் நேரம் எடையை மாற்றக் காரணம் உண்டு. மூளையில் இருக்கும் கடிகாரத்தை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் இருக்கிறது. அதைத் திருத்துவது பெரும்பாலும் சாப்பாடு. நள்ளிரவில் சாப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு மணி காட்டத் தொடங்கும்.

மனிதரிடம் வரும்போது நிதானம் வேண்டும். சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே சாப்பிட்டார்கள். எடை இறங்கியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே எட்டு மணி நேரத்துக்குள் எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். அதே ஆண்டு அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வில், காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை ஒன்றுபோலவே குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்டபோது பசி குறைவு. எடை குறைக்க முயல்கிறவரை வீழ்த்துவது பெரும்பாலும் பசிதான் என்பதால், எனக்கு அது பெரிய செய்தி.

நான் மதுரையில் படித்தவன். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களின் நாள் தாளத்தை ஆராய்ந்த காலம் அது. பகல் வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத அறையில் மனிதரைத் தங்கவைத்துப் பார்க்கும் வசதிகூட அங்கே இருந்தது. நாங்களோ இரவு ஒரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாவும் சால்னாவும் தேடிப் போவோம். எங்களுக்கு அது ஜாலி. பக்கத்து பெஞ்சில் லாரி டிரைவர், சுமை தூக்குபவர், ஆஸ்பத்திரி ஆயா. அவர்களுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

அந்த பெஞ்சு என்னை விடவே இல்லை. 'சீக்கிரம் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரையை அவர்களிடம் சொல்லிப் பயன் என்ன? அவர்கள் சாப்பிடும் நேரத்தைத் தீர்மானிப்பது டியூட்டி போடுகிறவர். பாஸ்டனில் 19 பேரை வைத்து இரவுப் பணிச் சூழலை உண்டாக்கிப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. அதே வேலை நேரத்தில் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. சான் டியாகோவில் 24 மணி நேரப் பணி பார்க்கும் 137 தீயணைப்பு வீரர்களிடம் நடந்த ஆய்வில், 10 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது அந்த வேலையிலும் சாத்தியம் என்று தெரிந்தது. ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடுதலாக இருந்தவர்களுக்குப் பலனும் கிடைத்தது.

உங்களில் பலர் சில ஆண்டுகளில் வார்டு பொறுப்பிலும் விடுதிப் பொறுப்பிலும் உட்காருவீர்கள். டியூட்டி சார்ட் எழுதும்போது சாப்பாட்டு நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இரவுப் பணிக்கு வருபவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வர நேரம் கொடுங்கள். அவர் பணி முடித்து இறங்கும்போது கேண்டீனில் இட்லி தயாராக இருக்க ஏற்பாடு செய்யுங்கள். விடுதி மெஸ்ஸில் ஒன்பது மணிச் சாப்பாட்டை ஏழரைக்கு நகர்த்துங்கள். சமையல்காரரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்வார்.