சும்மா போய் வந்த பயணங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா தொலைபேசியில் எடுத்து, "பெண்களும் ஆரோக்கியமும் எண்டு ஒரு கால் மணித்தியாலம் பேசுங்கோ டொக்டர்" என்றார். அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். நாற்பது தாண்டியவர்கள் சீனி, பிறஷர், கொலஸ்ரரோல் மூன்றையும் பாருங்கள். 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒரு தரம் போங்கள். அங்கே கட்டணம் இல்லை. மிச்ச நேரத்தில் வேறொன்று கதைக்க அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் சனி ஞாயிறுகளில் சேர்ந்து போய்வருகிற பயணங்களும் அவற்றில் நாங்கள் பட்ட பாடும்தான் விஷயம்.

இளையவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் உயர்தரம் படித்தது 1990களின் கடைசியில். 1990இலிருந்து யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பால் போவதில்லை. வடக்கே தாண்டிக்குளத்தோடு எங்கள் உலகம் முடிந்துவிடும். தெற்கே போவதென்றால் பாஸ் வேண்டும். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு வவுனியாவில் இருப்பதற்கே பாஸ் வேண்டும், அதற்கும் ஒரு தவணை இருந்தது. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஒருத்தி இல்லையென்றால், காய்ச்சலா, பாஸ் புதுப்பிக்கப் போய்விட்டாளா என்றுதான் கேட்போம்.

சோதனைச் சாவடியில் "எங்கே போறீர், என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். வீட்டிலும் அதே கேள்விதான். கோயில், ரியூஷன், ஆஸ்பத்திரி, செத்தவீடு. இந்த நான்குக்கும் வெளியே ஒரு பெண்பிள்ளை போவதற்குக் காரணம் கிடையாது. "சும்மா" என்ற பதிலை இரண்டு இடத்திலும் ஏற்கமாட்டார்கள். சாவடிகள் எடுபட்டுப் பல வருடமாகிவிட்டது. வீட்டுக் கேள்வி இன்னும் எடுபடவில்லை என்பது இங்கே சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் முதல் பயணம் 2012இல். முல்லைத்தீவுக் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வயது தாண்டியும் எங்களில் ஐந்து பேர் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. வீடுகளில் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி என்று சொன்னோம். அம்மனுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று, போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவதாகத் திட்டம். வாடகைக்குப் பிடித்த வான் மாங்குளம் சந்தியில் திரும்பி, அந்தக் குண்டும் குழியுமான றோட்டில் ஒரு மணித்தியாலம் கூட ஓடவில்லை, ரேடியேற்றர் கொதித்து நின்றுவிட்டது. கொண்டுபோன குடிதண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள் ஊற்றினோம். அது குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சாரதித் தம்பி வேறொரு மோட்டார்சைக்கிளில் ஏறிச் சாமான் வாங்கப் போனார். ஒன்பது பெண்கள் றோட்டுக் கரையில்.

அப்போதுதான் பிரச்சினை தொடங்கியது. ஒருத்திக்கு அவசரம். பிறகு இன்னொருத்திக்கும். சுற்றிவரக் காடுதான், மறைவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரையோடு மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கிறது: மிதிவெடி, அபாயம். றோட்டை விட்டு ஓரடி இறங்க முடியாது. சேலைத்தலைப்புகளைப் பிடித்து நடுறோட்டில் மறைப்புக் கட்டலாமா என்று ஆலோசனை நடக்கிறது. எங்கள் பழைய மாணவத் தலைவி அதற்கு ஒழுங்குவிதிகள் போடத் தொடங்கிவிட்டாள்.

நல்லகாலம், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். எங்கள் முகங்களைப் பார்த்த உடனேயே விஷயம் விளங்கிவிட்டது. "வாங்கோ அக்கா, எங்கட இடத்தில இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். தறப்பாளால் மறைத்த தற்காலிக மலசலகூடம். எத்தனையோ பெரிய ஹொட்டேல்களில் தங்கியிருக்கிறேன், அதைவிட வசதியான ஒன்றைக் கண்டதில்லை. சிவப்புத் தடி நட்டிருந்தால் அங்காலே வெடி இருக்கலாம், வெள்ளைத் தடி என்றால் துப்புரவாக்கிய இடம் என்று அந்தப் பிள்ளைகள்தான் நடக்க நடக்கச் சொல்லித்தந்தார்கள். வன்னியில் அந்த வேலையில் பெண்கள் ஏராளம். குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள் பலர். அன்று எங்களைக் கூட்டிப்போன ஒருத்திக்கு இருபத்தொரு வயது. சனிக்கிழமை "சும்மா" போகிற எங்களை அவள் ஏளனமாகப் பார்க்கவில்லை. "கடல் நல்லா இருக்கும் அக்கா, பின்னேரம்தான் வடிவு" என்றாள்.

கடலுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இரைச்சலைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். அம்மனைக் கும்பிட்டதும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுதான்.

இதில் ஒரு டொக்டர் கதை உண்டு. மலசலகூடம் கிடைக்காது என்ற பயத்தில் எங்கள் பெண்கள் பயண நாளில் விடிய எழும்பியதிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வன்னி வெயிலில் எட்டு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல், சலத்தை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, திங்கட்கிழமை எரிவும் காய்ச்சலுமாகக் கிளினிக்குக்கு வருவார்கள். மருந்து கொடுக்கலாம். ஆனால் அந்த வருத்தத்துக்குக் காரணம் றோட்டில் இருக்கிறது.

அடுத்ததாக 2022. பெற்றோல் இல்லாத அந்த வருடத்தை யாரும் மறக்கவில்லை. ஆடியில் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், வானுக்கு 20 லீற்றர் என்றார்கள். கொழும்பில் இருக்கும் எங்கள் தோழிகள் உலகம் முடிந்துவிட்டதைப்போல வட்ஸ்அப்பில் எழுதினார்கள். கிளிநொச்சிக்காரி ஒரே வரியில் பதில் போட்டாள்: "இதெல்லாம் எங்களுக்குப் புதுசாடி?" பொருளாதாரத் தடைக் காலத்தில் அவள் வீட்டில், சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் குழாயால் ஊதி மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். பாட்டுக் கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவார்களாம்.

அவள்தான் சைக்கிள் பயணம் என்று தொடக்கினாள். பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய், அவள் சொந்தக்காரர் வீடுகளில் சைக்கிள் இரவல் வாங்கி இரணைமடுவுக்குப் போவது. சோளகக் காற்று வீசும் காலம். நகரிலிருந்து தெற்கே மிதிப்பது என்றால் முகத்துக்கு நேரே காற்று. நாற்பத்திரண்டு வயதில், அதுவும் கூடைச் சைக்கிளில்! ஒருத்திக்குச் செயின் கழன்றது. ஒருத்திக்குக் காற்றுப் போனது. ஞாயிற்றுக்கிழமை, ஒட்டுப்போடுகிற கடை பூட்டு. நூறு வயது தாண்டிய அந்தக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி நின்றபோது எங்கள் வங்கி மனேஜர், "திரும்பிப் போக நான் ஓட்டோ பிடிப்பன், காசு எவ்வளவெண்டாலும் பறவாயில்லை" என்றாள். ஓட்டோவுக்கும் பெற்றோல் இல்லை. ஆனால் திரும்பும்போது அதே சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விட்டது.

இடையில் ஒரு எச்சரிக்கை, இது பகிடி இல்லை. நாங்கள் போனது கோடையில். மாரியில் குளங்கள் வான் பாயும்போது அது வேறு குளம். 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் என்ன பாடுபட்டது என்று பார்த்தோம். வான் பாய்கிற இடத்தில் நின்று படம் எடுக்கவும், மாரிக் கடலில் இறங்கவும் பிள்ளைகளை விடாதீர்கள். ஞாயிறு பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற சில பிள்ளைகளுக்கு எங்களால் செய்ய ஒன்றும் இருப்பதில்லை.

இனிப் பாம்புக் கதை. என்னைக் கண்டால் எல்லோரும் கேட்பது அதைத்தான். 2023இல் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு தோழியின் தகப்பனாருடைய தோட்ட வீட்டில் ஓர் இரவு தங்கப் போயிருந்தோம். பொழுதுபட்ட நேரம் வரம்பால் நடந்து வரும்போது எங்கள் கணித ரீச்சர் "ஐயோ" என்று இருந்துவிட்டாள். கணுக்காலில் இரண்டு பல் அடையாளம். பாம்பை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. அயலில் இருந்தவர்கள் ஓடிவந்து, ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார், ஒருவர் கீறி இரத்தம் போகவிடச் சொல்கிறார், ஒருவர் விஷக்கல் வைத்திருக்கும் ஐயாவிடம் போகச் சொல்கிறார். எல்லோரும் அன்பில் சொல்வதுதான். மூன்றும் வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லி, காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு அழைத்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல்தான். முந்தியென்றால் உழவு இயந்திரப் பெட்டியில்தான் ஏற்றியிருப்போம்.

ஆஸ்பத்திரியில் முதலில் செய்வது மிக எளிய ஒரு சோதனை. ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைப்பார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கடித்த எல்லோருக்கும் விஷம் ஏறுவதில்லை. விஷமுறிவு மருந்துக்கே ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அறிகுறி இல்லாமல் ஏற்றுவதும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே குழாயைச் சரித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதினைந்து வயதில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்து சமன்பாடு காட்டித்தந்தவளின் இரத்தம் அது. அந்த 20 நிமிடம் கணித ரீச்சர்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் நிமிடத்தில் ஒருத்தி குழாய்ப் பக்கம் எட்டிப்பார்க்க, "இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, எழும்பக் கூடாது" என்று பரீட்சை மண்டபக் குரலில் அதட்டினாள்.

உறைந்திருந்தது. எட்டுப் பேரும் அழுதோம். அவள் அழவில்லை.

ஆனாலும் விட்டுவிட மாட்டார்கள். இரவு முழுக்கக் கண்காணிப்பு. கண் இமை விழுகிறதா என்று அடிக்கடி மேலே பார்க்கச் சொல்வார்கள். வீட்டுப் பாடமாக ஒன்று சொல்கிறேன்: எட்டடி விரியன் என்று சொல்கிற இனம் நிலத்தில் நித்திரை கொள்கிறவர்களைக் கடிக்கும், நோ தெரியாது. விடியப்புறம் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழும்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாயில் படுத்தால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிவிடுங்கள். அது பாம்புக்கும் வலைதான்.

அந்த இரவு வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் நாங்கள் விழித்திருந்தோம். கிளிநொச்சிக்காரி 1998இல் மல்லாவிப் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையால் வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவள். அந்தப் பயணத்தைப்பற்றி இருபத்தைந்து வருடமாக ஒரேயொரு கதைதான் சொல்வாள்: ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு மற்றச் செருப்போடு நடந்தது. ஒவ்வொரு பயணத்திலும் யாருக்காவது செருப்பு அறுந்தால் அந்தக் கதை வரும். எல்லோரும் சிரிப்போம். இரணைமடு அணைக்கட்டிலும் சொன்னாள், சிரித்தோம். அன்று இரவு இரண்டு மணிக்கு, பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பு ஏன் கழன்றது, ஏன் திரும்பி எடுக்கவில்லை, அப்போது அவள் கையைப் பிடித்திருந்தது யார் என்று சொன்னாள். அதை நான் இங்கே சொல்லமாட்டேன், அது அவளுடையது. அவள் அனுமதியோடு இவ்வளவும் சொல்கிறேன்.

என்னிடம் கிளினிக்குக்கு வரும் எங்கள் வயதுப் பெண்களில் பலர் மேல் நோ, தலையிடி, நித்திரையில்லை என்று வருகிறார்கள். இரத்தம், சலம், எக்ஸ்றே எல்லாம் சரியாக இருக்கும். வரிசையில் நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் தர முடியும். செருப்புக் கதையிலிருந்து அடுத்த கதைக்கு வர என் தோழிக்கு இருபத்தைந்து வருடமும், ஒன்பது பேரும், ஒரு பாம்பும் தேவைப்பட்டது.

ஆகையால் சங்கத்திடம் இரண்டு கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் கட்டுவது நல்லது, கட்டுங்கள். அதோடு வருடத்துக்கு ஒரு தரம் உயர்தரப் பிள்ளைகளைச் சங்கச் செலவில் வன்னிக்குள்ளேயே கூட்டிச் செல்லுங்கள். சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, சிகிரியா என்று போகிறோம். நந்திக்கடலையும் நாயாற்றையும் கொக்கிளாயையும் பார்க்காத பிள்ளைகள் இந்தப் பாடசாலையில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அறிக்கை எழுதச் சொல்லாதீர்கள், சும்மா போய் வரட்டும். இரண்டாவது, வெளிநாட்டுக் கிளைகள் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பிரதேச சபைகளோடு கதைத்து, முல்லைத்தீவு றோட்டில் தண்ணீரும் பூட்டும் உள்ள இரண்டு பெண்கள் மலசலகூடங்களைக் கட்டி, துப்புரவாக்கும் ஆளுக்குச் சம்பளமும் கொடுங்கள். படம் போட்டுக் கல்வெட்டு வைப்பதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் அடுத்த பயணம் பாலைப்பழக் காலத்தில். றோட்டுக் கரையில் வைத்து விற்கும்போது வாங்கி, பால் உதட்டில் ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டு முல்லைத்தீவுக்குப் போவோம். இந்த முறை பின்னேர வெளிச்சத்தோடு. வானில் பதினான்கு பேர் இருக்கலாம், ஆகவே ஐந்து இடம் காலி. கனடா, லண்டனிலிருந்து வந்திருப்பவர்களும் பெயர் கொடுக்கலாம், எந்த வகுப்பென்றாலும் சரி. தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல், ரேடியேற்றருக்கு வேறாக. வீட்டில் காரணம் கேட்டால் வற்றாப்பளைப் பொங்கலும் வைகாசியில்தான் வருகிறது. முன் ஆசனம் மட்டும் கேட்க வேண்டாம், அது பாம்பு கடித்தவளுக்கு.