மேற்கு வெயிலும் மாடி வீடும்



மொழி மன்றத்தின் மேடையில் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். வெயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்று கொள்க. விடியலில் பால்மரக் காட்டு நிழலில் உழைத்து, நண்பகலில் தகரக் கூரையின்கீழ் வந்து தலைசாய்த்த தலைமுறையின் வழிவந்தவர்கள் நாம். பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், நம்மவருள் பலர் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்து வீட்டின் வெப்பம் ஒரு வகை. மாடி வீட்டின் வெப்பம் வேறு வகை. இவ்வேறுபாட்டை நம்முள் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

தகரம் மெல்லியது. வெயில் ஏறியதும் காய்கிறது. வெயில் சாய்ந்ததும் ஆறிவிடுகிறது. லயத்தில் வெப்பம் தலைக்கு மேலிருந்து வந்தது. பகலில் வாட்டினாலும் இரவில் உறங்க விட்டது. பதினைந்து மாடிக் கட்டடத்துக்கோ கூரை ஒன்றே. அதன் சூடு உச்சி மாடியோடு நின்றுவிடும். மற்ற மாடிகளுக்கெல்லாம் வெப்பம் சுவர் வழியாகவும் சன்னல் வழியாகவுமே வருகிறது. செங்கல்லும் கான்கிரீட்டும் கனத்தவை. வாங்கிய சூட்டை உடனே விடுவதில்லை. மேற்குச் சுவரில் மாலை ஐந்து மணிக்கு விழுந்த வெயில், பிள்ளைகள் பாடம் படிக்க உட்காரும் இரவு எட்டு மணிக்கு உட்புறத்தில் வெளிப்படுகிறது. ஒரு மாணவனைப் படிப்பில் நாட்டமில்லாதவன் என்று சொல்லுமுன், அவன் அறைச்சுவர் எத்திசை நோக்கியது என்று ஆசிரியர்கள் ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம்.

கதிரவனின் போக்கைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.6 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசிப் பகுதியில் உச்சிப்பொழுதின் கதிரவன் வடக்கே சாய்ந்து 71 பாகை உயரத்திலும், டிசம்பரில் தெற்கே சாய்ந்து 62 பாகை உயரத்திலும் நிற்கிறது. வடக்குச் சன்னலுக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிய தளம், ஜூன் உச்சிவெயிலில் ஏறத்தாழ 2.9 மீட்டர் சுவருக்கு நிழல் தரும். தெற்கில் டிசம்பரில் அதுவே 1.9 மீட்டர். மேற்கில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கதிரவன் 30 பாகைக்கு இறங்கிய மாலையில், அதே ஒரு மீட்டர் நீட்சி தரும் நிழல் 58 சென்டிமீட்டர்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நம் கடிகாரப்படி அது ஏறத்தாழ மாலை ஐந்தேகால் மணி. தீபகற்பத்தின் கடிகாரம் 1982 முதல் 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஈப்போவோ 101 பாகையில் உள்ளது. அதனால் நமக்கு உச்சிப்பொழுது பிற்பகல் ஒன்றேகாலை ஒட்டியே வருகிறது. பள்ளி விட்டு நடந்துவரும் பிள்ளைகளுக்கு இது கணக்கின்றியே தெரியும்!

வெயில் சுவரைத் தொடுமுன் நிழல் அதைத் தடுத்தல் வேண்டும். இவ்வறிவு இம்மாநிலத்துக்குப் புதிதன்று. ஈப்போவின் பழைய கடைவீதிகளில் அஞ்சடி இருக்கிறது. ஹப்பாக் வடிவமைத்து 1917-இல் முடிவுற்ற ஈப்போ இரயில் நிலையத்தின் முகப்பில், 183 மீட்டர் நீளத்துக்குத் தாழ்வாரம் ஓடுகிறது. பத்து காஜாவுக்கு அருகே, ரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் எழுப்பத் தொடங்கிய மாளிகையோ, தோட்டத்து மண்ணில் எழுந்த மாடிக் கட்டடம். ஆறு மாடிக் கோபுரமும் மின்தூக்கிக்கென விடப்பட்ட குழியும் அதில் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அதன் கட்டுமானத்தில் உழைத்தனர். அவர்களுட் பலரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. 1926-இல் முதலாளி லிஸ்பன் நகரில் இறக்கவே, பணி அரைகுறையாக நின்றது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பேய்க்கதையோடு நிறுத்திவிடாமல், வளைவுகள் கொண்ட அதன் அகன்ற தாழ்வாரத்தில் உச்சிவேளையில் அவர்களை நிற்கச் செய்து பார்க்கலாம். வெயில் வளைவில் நின்றுவிடுகிறது; உட்சுவரை அது எட்டுவதில்லை. அந்நிழலைக் கட்டிய கைகள் அந்நிழலில் உறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பின்னர்க் கண்ணாடிக் காலம் வந்தது. குளிர்நாடுகளில் வெயிலை உள்ளே அழைப்பதற்கு உதவிய கண்ணாடிச் சுவரை நம் நகரங்களும் மேற்கொண்டன. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடேறிய பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. உட்புறத்தில் திரை போட்டால் கூச்சம் குறையும். வெப்பத்தின் பெரும்பகுதி முன்னரே உள்ளே வந்துவிட்டது.

இதற்கு மாறாகச் சிந்தித்தவர் பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யியாங். சுபாங் ஜெயாவில் 1992-இல் நிறைவுற்ற அவருடைய மெனாரா மெசினியாகா 15 மாடி கொண்டது. 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. மின்தூக்கி, மாடிப்படி, கழிவறை ஆகியவற்றைக் கட்டடத்தின் நடுவில் ஒளித்துவைப்பது வழக்கம். அவர் அவற்றை வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் வைத்தார். மனிதர் நெடுநேரம் தங்காத இடங்கள் வெயிலை ஏற்றுக்கொள்கின்றன. அவற்றுக்கு இயற்கை வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன. முழுக் கண்ணாடிச் சுவர் வடக்கிலும் தெற்கிலும் மட்டுமே. கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு வெளியே அலுமினியத் தடுப்புப் பட்டைகள். மாடிகளுக்கிடையே சுழன்று ஏறும் செடித்தோட்டங்கள் வேறு.

புத்ராஜெயாவில் 2010-இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடமும் குறிப்பிடத்தக்கது. அதன் சுவர்கள் 25 பாகை வெளிநோக்கிச் சாய்ந்துள்ளன. மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கிறது. உச்சிவெயிலுக்கு இது மிகச் சிறந்த வழியே. ஆயினும் தாழ்ந்து வரும் மாலைக் கதிரைச் சாய்வு ஒன்றே முழுவதும் தடுத்துவிடாது என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

இவை அலுவலகங்கள். எம்.எஸ். 1525 என்னும் மலேசியத் தரநிலை, புறச்சுவர் வழியே உட்புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட் என வரம்பு வகுத்திருக்கிறது. ஆனால் அது குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்குரியது. குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் செலுத்தவல்ல நிறுவனத்துக்கு அளவுகோல் இருக்கிறது. மின்விசிறியை மட்டும் நம்பியிருக்கும் மலிவு விலை மாடிக் குடும்பத்துக்கு அது பேசவில்லை. இது எமக்கு முறையாகத் தோன்றவில்லை.

நம்மவர் வீடு பார்க்கும்போது தலைவாசல் எத்திசை என்று தவறாமல் கேட்கிறோம். படுக்கையறையின் வெளிச்சுவர் மேற்கா என்று கேட்பவர் அரியர். கேட்டால் விலையிலும் திட்டத்திலும் அக்கேள்வி ஒருநாள் ஏறும். ஏற்கெனவே மேற்கறையில் வாழ்வோர், மாடத்தின் வெளிவிளிம்பை ஒட்டி மூங்கில் தட்டி தொங்கவிடலாம். அலமாரியை மேற்குச் சுவரோடு சேர்த்து வைத்துப் படிப்பு மேசையை அப்புறப்படுத்தலாம்.

நெடுநல்வாடையில், நிழல் எப்பக்கமும் சாயாத வேளை பார்த்துக் கோல் நட்டுத் திசை குறித்து மனை வகுத்ததைப் படித்திருக்கிறோம். ஈப்போவில் அவ்வேளை ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 1-ஐயும் செப்டம்பர் 11-ஐயும் ஒட்டி வருகிறது. பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நடுங்கள். பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் அதன் நிழல் காலடியில் ஒடுங்குவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தேகாலுக்கு மறுபடியும் வந்து அந்நிழலின் நீளத்தை அளந்து பாருங்கள்.