வண்டியின் ரேடியேட்டருக்கு மின்விசிறி

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உழவியல் விரிவுரையாளர் ஒருவர் வண்டியின் விசிறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் எண்ணக்கூடும். விளைந்தது மண்டிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விளைச்சல் என்பதற்குப் பொருள் உண்டு. பறித்த தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மண்டிக்கோ, மலைக் காய்கறியை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கோ செல்லும் பழைய ஜீப்பும் சிறிய சுமை வண்டியும் வெயிலில் வரிசையில் நிற்கும்போது தண்ணீர் பொங்கி நின்றுவிட்டால், அன்றைய சரக்கும் போகும், எஞ்சினும் போகும். ஹெட் கேஸ்கெட் கருகினால் ஆகும் செலவு, ஒரு போகத்தின் உரச் செலவை விழுங்கிவிடும்.

இதற்காகப் பலர் ரேடியேட்டரில் மின்விசிறி பொருத்துகின்றனர். முறையாகப் பொருத்தினால் நல்ல பயன் தரும். முறையின்றிப் பொருத்தினாலோ வயர் உருகித் தீப்பிடிக்கவும் இடமுண்டு. ஆகவே சில விவரங்களை அறிந்துகொள்வது நலம்.

முதலில் நோயை அறியுங்கள்

பயிர் வாடினால் உடனே மருந்து அடிப்பதில்லை. நீர்ப் பற்றாக்குறையா, வேரழுகலா என்று பார்க்கிறோம். வண்டிக்கும் அதே முறைதான். வண்டி எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள்.

வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது சூடு தணிந்தால், குறைவது காற்றோட்டம். பெல்ட் விசிறி எஞ்சினின் வேகத்தில் சுழல்வது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும். மின்விசிறியோ எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஒரே வேகத்தில் சுழலும். இந்தக் குறைக்கு மின்விசிறி ஏற்ற மருந்து.

நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போதும் சூடேறினால் காற்று போதாமை காரணமன்று. தண்ணீர் குறைவு, தளர்ந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும். களத்துத் தூசியும் பதரும் பூச்சிகளும் ரேடியேட்டரின் முன்புறம் படிந்திருக்கும். உள்ளே உப்பு படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரால் சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கும் அதே உப்புதான் படியும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட கூலன்ட்டை உப்பு நீக்கிய நீரில் கலந்து ஊற்றுவதே முறை. இந்தக் குறைகளை நீக்காமல் விசிறி மட்டும் பொருத்துவது வீண் செலவு.

மின்சாரம் போதுமா?

விசிறி வாங்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். விசிறியின் வாட் அளவை 12 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 120 வாட் விசிறி 10 ஆம்பியர் எடுக்கும். சுழலத் தொடங்கும் நொடியில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். முன்விளக்குகள் இரண்டும் எரிந்தால் இன்னும் ஒரு 10 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகள் பெரும்பாலும் இதைத் தாங்கும். டைனமோ உள்ள மிகப் பழைய ஜீப்பில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின் உற்பத்தி அநேகமாக இராது. விசிறி முழுவதும் பேட்டரியையே உறிஞ்சும். அத்தகைய வண்டிக்கு முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றிக்கொண்டு, பிறகே விசிறியைப் பற்றி எண்ண வேண்டும்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

காற்று எப்போதும் வண்டியின் முன்புறமிருந்து எஞ்சின் பக்கமாகவே செல்ல வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தால் விசிறி காற்றை இழுக்கும். முன்னால் வைத்தால் தள்ளும். இழுக்கும் விசிறியே திறன் மிக்கது. ஆனால் பழைய வண்டிகளில் பின்புறம் பெல்ட் விசிறி இருப்பதால் இடம் இராது.

சிறு விவசாயிகளுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: பெல்ட் விசிறியைக் கழற்றாதீர்கள். மின்விசிறியை முன்புறம் துணை விசிறியாக வையுங்கள். ஒருநாள் ஃப்யூஸ் போனாலும் பழைய விசிறி வண்டியை வீடு சேர்க்கும். முன்புறம் வைப்பதற்கென, தள்ளும் வகை விசிறியாகக் கேட்டு வாங்குங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் சாதாரண விசிறி எதிர்த்திசையில் சுழலும் என்பது உண்மையே. ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென அமைந்தது. எதிர்த்திசையில் காற்று குறையும்.

ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் கட்டுகளைக் கோத்து விசிறியைக் கட்டுவது வழக்கத்தில் உள்ளது. இது தவறு. அதிர்வில் அது குழாயை அரித்து ஓட்டையிட்டுவிடும். இரும்புப் பட்டை கொண்டு வண்டியின் சட்டத்தில் முடுக்குங்கள். இறக்கை எதிலும் உரசாமல் கையால் சுற்றிப் பாருங்கள்.

வயரிங்: பம்புசெட்டு அறையை நினைத்துக் கொள்ளுங்கள்

பம்புசெட்டு ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். மோட்டாரின் முழு மின்சாரமும் அந்தச் சிறு பொத்தான் வழியாகச் செல்வதில்லை. பொத்தான் ஒரு சுருளுக்கு உயிர் கொடுக்கிறது. சுருள் பெரிய தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கிறது. மோட்டாருக்கான மின்சாரம் அவற்றின் வழியே பாய்கிறது. வண்டியில் இந்த வேலையைச் செய்வது ரிலே என்னும் சிறு பெட்டி. இதன் சுருள் எடுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. ரிலே இல்லாமல், டாஷ்போர்டில் உள்ள சிறு சுவிட்சு வழியாக நேராக விசிறியை ஓட்டினால் சுவிட்சு சூடாகி உருகும். தீ விபத்துக்கு அதுவே தொடக்கம்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலேயின் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இணைப்பு பின்வருமாறு:

1. எண் 30: பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த வயர்.
2. எண் 87: விசிறியின் நேர் வயர். விசிறியின் மற்றொரு வயரை, பெயிண்டு சுரண்டிய சட்டத்தில் போல்ட் போட்டு எர்த் செய்ய வேண்டும்.
3. எண் 86: சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். இதற்குத் தனியாக ஒரு சிறு ஃப்யூஸ் வையுங்கள்.
4. எண் 85: வெப்ப சுவிட்சுக்குச் செல்லும் வயர். சுவிட்சின் மறுமுனை எர்த்துக்கு.

10 ஆம்பியர் விசிறிக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃப்யூசுக்கும் இடையே உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதே காரணம். ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. ஏன் போயிற்று என்று பாருங்கள்.

விசிறிக்குச் செல்லும் வயர் 4 சதுர மில்லிமீட்டர் தடிமனும், பல இழைகளும் கொண்டதாக இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி, வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் 1 வோல்ட் குறைந்தால் நமக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் 1 வோல்ட் குறைந்தால் விசிறியின் காற்றே குறையும். தகட்டில் உள்ள துளை வழியாக வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் தேவை.

வெப்ப சுவிட்சு

தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியசில் திறக்கும் எஞ்சினுக்கு, 92 டிகிரியில் இணைந்து 87 டிகிரியில் விலகும் வெப்ப சுவிட்சு ஏற்றது. விலகும் அளவு, தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குக் கீழே இருந்தால் விசிறி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ரேடியேட்டரில் இதற்குத் துளை இராது. மேல் ஹோஸை வெட்டி, இடையில் உலோக இணைப்புக் குழாய் ஒன்றைச் செருகி அதில் சுவிட்சைத் திருகலாம். இருபுறமும் ரப்பராக இருப்பதால் அந்தக் குழாய்க்குத் தானாக எர்த் கிடைக்காது. தனி எர்த் வயர் கொடுக்க மறவாதீர்கள்.

ஓட்டுநர் கைக்கு எட்டும்படி ஒரு சிறு சுவிட்சையும் எண் 85 இலிருந்து எர்த்துக்கு இணைத்து வைத்தால், வெப்ப சுவிட்சு பழுதானாலும் விசிறியைப் போட்டுக்கொள்ளலாம்.

சோதித்துப் பாருங்கள்

எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிடுங்கள். சூடேறியதும் விசிறி தானாகச் சுழல வேண்டும். சற்று நேரத்தில் தானாக நிற்கவும் வேண்டும். ஒரு மெல்லிய தாளை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மேலிருந்து தொங்கவிட எண்ணாதீர்கள். அங்கே பெல்ட் விசிறி சுழல்கிறது. வண்டியின் முன்னே, கிரில்லுக்கு வெளியே பிடியுங்கள். தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் செல்கிறது. தாளை வெளியே தள்ளினால் திசை தவறு.

பத்து நிமிடம் ஓடிய பின் எஞ்சினை நிறுத்தி, வயரையும் ஃப்யூஸ் பிடிப்பானையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வயர் மெல்லியது, அல்லது இணைப்பு தளர்வு என்று பொருள். அன்றே சரிசெய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் விற்பனையாளரைக் கேளாமல் வயரிங்கில் கை வைக்க வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்த மூடியின் கீழே 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது கொதித்து முகத்தில் பாயும்.

மெக்கானிக்கிடமோ ஆட்டோ எலக்ட்ரீசியனிடமோ வேலையைக் கொடுத்தாலும், மூன்று கேள்விகளை நீங்கள் கேளுங்கள்: ரிலே வைத்தாயிற்றா? ஃப்யூஸ் பேட்டரியின் அருகே உள்ளதா? எர்த் வெறும் இரும்பில் பிடித்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைத்த வண்டியில் உங்கள் சரக்கை நம்பி ஏற்றலாம்.